குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு எந்த வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி? பெட்டியோடு சேர்ந்து வருவதா, தனியே வாங்குவதா?

நாட்டுக்கோழி வளர்க்கும் சிறு விவசாயிக்கு அவயக் கோழிதான் நெடுங்காலமாகக் குஞ்சு பொரிக்கும் இயந்திரம். ஆனால் ஒரு கோழி ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் அணைத்து உட்காராது. 21 நாள் அடைகாத்து, பொரித்த குஞ்சுகளோடு வாரக்கணக்கில் அலைந்து, மறுபடி முட்டைக்கு வருவதற்குள் ஒரு பருவமே கழிந்துவிடும். ஐம்பது அறுபது குஞ்சுகளை ஒரே நாளில் இறக்கி, ஒரே வயதாக வளர்த்து, ஒரே தவணையில் விற்க விரும்புகிறவர்களுக்கு மின்சாரக் குஞ்சு பொரிப்பான் வேண்டியிருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் வரை சென்னைக்குச் செல்லும் சாலையும் ரயிலும் இருக்கின்றன. உயிருள்ள நாட்டுக்கோழிக்குச் சென்னை அருகிலேயே இருக்கும் சந்தை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆலைகளில் மின்வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு பெட்டியும் பல்புகளும் இருந்தால் குஞ்சு பொரிப்பான் செய்துவிடலாம் என்று அவர்கள் சொல்வதில் தவறில்லை. ஆனால் பெட்டியில் உள்ள வெப்பத்தை யார் காவல் காப்பது என்பதுதான் கேள்வி.

கடைக்குப் போனால் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று, வெப்பக் கட்டுப்பாடு, முட்டை திருப்பும் மோட்டார், ஈரப்பத அளவு, நாள் கணக்கு எல்லாம் ஒரே மின்பலகையில் அடங்கி, மூடியிலேயே பதித்து வரும் பெட்டி. மற்றொன்று, வெறும் பெட்டியும் ஹீட்டரும் விசிறியும். கட்டுப்பாட்டுக் கருவியைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். எது நல்லது என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்வதற்கில்லை. முட்டைக்கு என்ன தேவை என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கருவியைப் பற்றிப் பேச முடியும்.

முட்டை கேட்கும் வெப்பம்

விசிறி வைத்த பெட்டியில் கோழி முட்டைக்கு 37.5 டிகிரி சென்டிகிரேடு, அதாவது 99.5 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். விசிறி இல்லாத சிறு தெர்மோகோல் பெட்டியில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாகக் காற்று அடுக்கடுக்காக நிற்கும். அங்கே முட்டையின் மேல் முனை உயரத்தில் 38.3 முதல் 38.9 டிகிரி, அதாவது 101 முதல் 102 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்வதால் கெட்டுப்போகும் முட்டைகள் ஏராளம்.

குளிர்ச்சியை முட்டை ஓரளவு பொறுக்கும். அவயக் கோழியே இரை தேட எழுந்து போகும்போது முட்டை சற்று ஆறத்தான் செய்கிறது. சூட்டை மட்டும் பொறுக்காது. பெட்டி 35 டிகிரிக்கு இறங்கி மூன்று நான்கு மணி நேரம் நின்றால் பொரிப்பது தாமதமாகலாம். 40 டிகிரியைத் தாண்டி நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் கரு பிழைப்பது கடினம். ஆகவே கட்டுப்பாட்டுக் கருவி எந்த வகையானாலும், அது கெட்டுப்போகும்போது சூடு ஏறும் பக்கமாகக் கெடுகிறதா, இறங்கும் பக்கமாகக் கெடுகிறதா என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. விலையை அதற்குப் பிறகு கேட்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பெட்டியின் வெப்பம் 37.2க்கும் 37.8க்கும் இடையே ஏறி இறங்குவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது காற்றின் வெப்பம். முட்டை மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் பொருள். இந்தச் சிறு ஊசலாட்டம் அதன் உள்ளே போய்ச் சேர்வதில்லை. ஆபத்தானது, கருவி 37.5 என்று காட்டிக்கொண்டே உண்மையில் 38.3ல் 21 நாளும் நிற்பது. அப்போது குஞ்சுகள் 19, 20ஆம் நாளிலேயே அவசரமாக வரும். சிறுத்திருக்கும், தொப்புள் சரியாக மூடியிருக்காது. 36.8ல் நின்றால் 22, 23ஆம் நாள் வரை இழுக்கும். வயிறு உப்பிய, சோர்ந்த குஞ்சுகள் வரும். பொரித்த நாளையும் குஞ்சின் தொப்புளையும் பார்த்தே கருவி எந்தப் பக்கம் பிசகியது என்று சொல்லிவிடலாம்.

சேர்ந்தே வரும் கருவி

ஒரே பலகையில் எல்லாம் அடங்கிய பெட்டியின் பெரிய நன்மை, வாங்கி வந்த அன்றே ஓடும் என்பது. ஒயர் இணைக்க வேண்டியதில்லை. முட்டையைத் திருப்புவதை மறந்துவிடுவோமோ என்ற கவலை இல்லை. சூடு மீறினால் ஒலி எழுப்பும். வயல் வேலைக்கு விடியலில் போய் இருட்டிய பிறகு திரும்பும் குடும்பத்துக்கு இது சிறிய உதவியல்ல. முட்டையைக் கையால் திருப்புவதானால் ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று தடவை, 18ஆம் நாள் வரை விடாமல் திருப்ப வேண்டும்.

குறை எங்கே என்றால், அந்தப் பலகை பெரும்பாலும் மூடியின் உட்புறத்திலோ அதை ஒட்டியோ இருக்கிறது. கீழே தண்ணீர்த் தட்டு. மேலே ஈரக் காற்று. கடைசி மூன்று நாள் ஈரப்பதத்தை 65, 70 சதவீதம் வரை ஏற்றுகிறோம். குஞ்சு பொரித்ததும் மெல்லிய பூந்தூசி பறந்து பலகையில் ஒட்டிக்கொள்கிறது. இந்த ஈரமும் தூசியும் ஓரிரு ஆண்டுகளில் பலகையின் இணைப்புகளை அரித்துவிடலாம். பழவேற்காட்டை ஒட்டிய உப்புக்காற்றுப் பகுதிகளில் இன்னும் சீக்கிரம் அரிக்கும். பல்லி புகுந்து பலகையைச் சுட்டுவிடுவதும் கிராமத்து வீட்டில் நடக்கக்கூடியதே.

பலகை போனால் எல்லாமே போயிற்று. வெப்பமும் இல்லை, திருப்புவதும் இல்லை, நாள் கணக்கும் இல்லை. அதே பெட்டிக்கான அதே பலகை வேண்டும். வேறு பெட்டியின் பலகை பொருந்தாது. 12ஆம் நாளில் பலகை கெட்டால், வெளியூரிலிருந்து மாற்றுப் பலகை வந்து சேரும்வரை முட்டை காத்திருக்காது. எனவே சேர்ந்தே வரும் வகையை வாங்குகிறவர்கள் விற்பவரிடம் மாற்றுப் பலகை கையிருப்பில் உண்டா என்று கேட்டு, முடிந்தால் பெட்டியோடு ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதைத் தர மறுக்கும் கடையில் பெட்டியையும் வாங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

தனியே வாங்கும் கருவி

தனிக் கருவிகள் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கின்றன. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும், சிறு நகரங்களில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் வாங்கலாம். ஒன்று கெட்டால் அரை மணி நேரத்தில் இன்னொன்றை மாட்டிவிடலாம். ஒயரின் நுனியில் உள்ள சென்சாரை முட்டை இருக்கும் இடத்திலேயே வைக்கலாம். கருவி பெட்டிக்கு வெளியே, ஈரம் படாத சுவரில் இருக்கலாம். இதுதான் தனிக் கருவியின் முக்கியமான பலம்.

ஆனால் அதில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். உதாரணமாக எஸ்.டி.சி. 1000 என்ற பெயரில் விற்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். அது 0.1 டிகிரி வரை எண் காட்டும். அதைப் பார்த்து அது அவ்வளவு துல்லியமானது என்று நினைத்துவிடக் கூடாது. அதன் குறிப்புத் தாளிலேயே ஒரு டிகிரி வரை கூடக் குறைய இருக்கலாம் என்றுதான் போட்டிருக்கிறது. ஒரு டிகிரி பிசகு குளிர்பெட்டிக்கு ஒன்றுமில்லை. முட்டைக்கு அது நாசம். நல்லவேளையாக அதே கருவியில் திருத்த அளவு என்று ஒரு வசதி இருக்கிறது. சரிபார்த்துத் திருத்திக்கொண்டால் நம்பி ஓட்டலாம்.

இதில் வேறுபாட்டு அளவு என்றும் ஒன்று உண்டு. 37.5 என்று வைத்து, வேறுபாட்டை 0.3 ஆக்கினால், 37.2க்கு இறங்கும்போது ஹீட்டர் எரியும், 37.5ல் அணையும். கடையிலிருந்து வரும்போது இந்த அளவு பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாக இருக்கும். அதை மாற்றாமல் முட்டை வைத்துவிடக் கூடாது.

தனிக் கருவி பொருத்தும்போது நேரும் பிழைகளில் முதன்மையானது, விசிறியையும் பல்பையும் ஒரே இணைப்பில் கொடுத்துவிடுவது. பல்பு அணையும்போது விசிறியும் நின்றுவிடும். காற்று அடுக்கடுக்காகப் பிரிந்து, சென்சார் ஒன்றைக் காட்ட முட்டை வேறொன்றை அனுபவிக்கும். விசிறி எப்போதும் ஓட வேண்டும். கருவியின் வழியாக ஹீட்டருக்கு மட்டுமே மின்சாரம் போக வேண்டும்.

ஆலையில் கழித்த கருவி வேண்டாமா?

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் மட்டும் எழும் கேள்வி இது. தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் பட்டறைகளிலும் உலை வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சதுரமான பேனல் கருவிகள் உண்டு. ஆலையில் கழித்த இவை பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைப்பதுண்டு. உறுதியான கருவிகள்தான்; ஆண்டுக்கணக்கில் உழைப்பவை. ஆனால் எல்லாம் முட்டைக்கு ஆகாது.

கருவியின் பின்புறம் எந்தச் சென்சாருக்கானது என்று எழுதியிருக்கும். கே வகைத் தெர்மோகப்பிள் என்பது ஆயிரம் டிகிரிக்கு மேலும் அளக்கக்கூடிய இரு உலோகக் கம்பி. சாதாரணத் தரத்தில் அதற்கு இரண்டரை டிகிரி வரை பிசகு அனுமதிக்கப்படுகிறது. 900 டிகிரி உலையில் இரண்டரை டிகிரி கணக்கே அல்ல. முட்டைப் பெட்டியில் அது குஞ்சு வருவதற்கும் கூழ்முட்டை ஆவதற்கும் உள்ள வித்தியாசம். பி.டி. 100 என்ற பிளாட்டினம் சென்சார் வேறு ரகம். அதன் சாதாரணத் தரமே 37 டிகிரி அளவில் அரை டிகிரிக்குள் நிற்கும். மேல் தரம் கால் டிகிரிக்குள் நிற்கும். ஆகவே பி.டி. 100 ஏற்கும் கருவி, அதிலும் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் காட்டுவது கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். தெர்மோகப்பிள் மட்டும் ஏற்கும் கருவியை விட்டுவிடலாம்.

பழவேற்காடு பக்கம் மீனைப் புகையூட்டும் மின்சாரப் பெட்டி செய்ய நினைப்பவர்களுக்கு இதே கருவி நன்றாகப் பயன்படும். அங்கே மீனின் நடுச்சதை 60 டிகிரிக்கு மேல் ஏறி அரை மணி நிற்க வேண்டும். பெட்டியின் உள்ளே அதைவிடச் சூடு அதிகம். ஓரிரு டிகிரி பிசகினால் ஒன்றும் கெட்டுப்போகாது. புகைப்பெட்டிக்குச் சேர்ந்தே வரும் கருவியைவிடத் தனிக் கருவியே ஏற்றது என்பதில் சந்தேகமில்லை. புகையின் பிசினும் உப்பும் எண்ணெயும் கதவில் பதித்த பலகையை எளிதில் விட்டுவைக்காது.

ஆலைக் கருவிகளில் சில, மெல்ல மெல்ல ஹீட்டரின் வேகத்தைக் குறைத்து நிறுத்தும் பி.ஐ.டி. முறையில் இயங்குபவை. அவற்றோடு சத்தமில்லாமல் வேலை செய்யும் திண்ம ரிலேக்களைப் பொருத்துவார்கள். சீராக ஓடும். ஆனால் அந்த ரிலே கெடும்போது பெரும்பாலும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும் நிலையில்தான் கெடுகிறது. சாதாரண ரிலேயிலும் முனைகள் ஒட்டிக்கொள்வதுண்டு. அதற்கான காவலைப் பற்றி அடுத்துப் பார்ப்போம்.

ஒரு காவலாளி போதாது

சென்சார் தன் இடத்திலிருந்து நழுவிப் பெட்டிக்கு வெளியே விழுந்துவிட்டால் என்ன ஆகும்? மார்கழிக் காலையில் அறையின் 24 டிகிரியை அது காட்டும். பெட்டி குளிர்ந்துவிட்டது என்று நினைத்துக் கருவி ஹீட்டரை விடாமல் எரிக்கும். எலி ஒயரைக் கடித்தாலும், ரிலே ஒட்டிக்கொண்டாலும் இதே கதைதான். கருவி சேர்ந்தே வந்ததா, தனியே வந்ததா என்பது இங்கே பொருட்டல்ல. இரண்டிலும் காவலாளி ஒருவன்தான். அவன் தூங்கிவிட்டால் முட்டை வேகும்.

ஆகவே ஹீட்டருக்குப் போகும் ஒயரில், முதல் கருவியோடு வரிசையாக, இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றைத் தனிச் சென்சாரோடு பொருத்தி 38.5 டிகிரியில் வைத்துவிட வேண்டும். விசிறி உள்ள பெட்டிக்கான கணக்கு இது. விசிறி இல்லாத பெட்டிக்கு அதற்கேற்ப ஒரு டிகிரி கூட்டி வைக்க வேண்டும். முதல் கருவி ஒழுங்காக இருக்கும்வரை இது சும்மா இருக்கும். அது தவறும் நாளில் ஹீட்டரை நிறுத்தும். ஒரே வரிசையில் இரண்டும் இருப்பதால் எது ‘நிறுத்து’ என்றாலும் நின்றுவிடும். நூறு முட்டை வைத்தவர், முட்டை ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய் என்று கணக்கிட்டாலும் 1,500 ரூபாய் முட்டையை ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அதோடு மூன்று வாரக் காத்திருப்பும் இருக்கிறது. இரண்டாவது கருவியின் விலை அதில் ஒரு பங்குதான்.

ஹீட்டரின் அளவும் ஒரு காவலே. சூடு சீக்கிரம் ஏற வேண்டும் என்று சிறிய பெட்டிக்கு 200 வாட் கொடுப்பவர்கள் உண்டு. ரிலே ஒட்டிக்கொண்டால் அந்தப் பெட்டி கால் மணியில் அடுப்பாகிவிடும். தேவைக்குச் சற்றே கூடுதலான ஹீட்டரே போதும். பல்பு வைப்பவர்கள் பெரிய பல்பு ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய பல்புகள் இரண்டை வைத்தால், ஒன்று பியூஸ் போனாலும் மற்றது கொஞ்சம் தாங்கும். பல்பின் வெளிச்சமும் நேர்ச் சூடும் முட்டையில் படாமல் தகரத் தடுப்பு இருக்க வேண்டும்.

கிராமத்து மின்சாரத்தில் அழுத்தக் குறைவு வேறு இருக்கிறது. 230 வோல்ட்டில் நூறு வாட் சூடு தரும் ஹீட்டர், 170 வோல்ட்டில் ஏறத்தாழ 55 வாட்தான் தரும். மாலை நேரத்தில் பெட்டி சூடேறவில்லையே என்று கருவியைக் குறை சொல்லி அளவை ஏற்றிவைப்பவர்கள், இரவு பத்து மணிக்கு மேல் அழுத்தம் சீரானதும் மாட்டிக்கொள்வார்கள். அளவை மாற்றக் கூடாது. அழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் வைப்பதே முறை.

இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று அவயக் கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. கோழிக்கு அது தேவையோ இல்லையோ, மின்சாரப் பெட்டிக்கு இடி உண்மையிலேயே எதிரி. மின்னலின்போது கம்பியில் பாயும் மிகை அழுத்தம் மின்பலகையைச் சுட்டுவிடும். மிகை அழுத்தத்தைத் தடுக்கும் பிளக் ஒன்றும், சரியான எர்த் இணைப்பும், கசிவு மின்சாரம் வந்தால் துண்டிக்கும் ஸ்விட்சும் கட்டாயம் வேண்டும். தண்ணீர்த் தட்டும் மின்சாரமும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. கை விடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். இதில் மட்டும் சிக்கனம் கூடாது.

திருத்தணி வெயிலும் மார்கழிப் புயலும்

வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி என்ற பெயர் ஒரு வகையில் ஏமாற்றுவது. அதனால் சூட்டை ஏற்ற முடியும், இறக்க முடியாது. கோடையில் தமிழகத்தின் மிகச் சூடான ஊர்களில் ஒன்றாகத் திருத்தணி அடிக்கடி பதிவாகிறது. அந்த நாட்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அறையே 40 டிகிரி இருந்தால், ஹீட்டர் அணைந்து கிடந்தாலும் பெட்டி 40ல்தான் நிற்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு ரிலே உள்ள தனிக் கருவிகளில் குளிர்ச்சிக்கான இணைப்பு என்று ஒன்று இருக்கும். அதில் ஒரு சிறிய வெளியேற்று விசிறியைக் கொடுத்தால், பெட்டி 37.8ஐத் தொடும்போது அது ஓடி வெளிக்காற்றை இழுக்கும். அறையின் வெப்பம் பெட்டியைவிடக் குறைவாக இருக்கும்வரைதான் இது பயன்படும். அக்கினி நட்சத்திர நாட்களில் பெட்டியை மண்சுவர் வீட்டுக்கோ கீற்றுக் கொட்டகைக்கோ மாற்றி, ஈரச் சாக்குத் தொங்கவிட வேண்டும். அல்லது அந்த மாதம் முட்டை வைக்காமல் விட்டுவிடலாம்.

கோடையில் முட்டைச் சேமிப்பும் ஒரு தொல்லை. அறை வெப்பத்திலேயே கரு பாதி வளரத் தொடங்கிச் செத்துவிடும். பழி பின்னால் கருவியின் மேல் விழும். அடைக்கு வைக்கும் முட்டையை ஈர மணல் நடுவே வைத்த மண்பானையில், கூர்முனை கீழாக வைத்து, ஏழு நாளைக்குள் பெட்டியில் ஏற்றிவிட வேண்டும்.

குளிர் மாதங்களில் பயம் மின்தடை. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, மாவட்டத்தின் பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போதும் பல பகுதிகள் இருளில் கிடந்தன. ஐப்பசி முதல் மார்கழி வரை முட்டை வைப்பவர்கள் மாற்று வழி இல்லாமல் இறங்கக் கூடாது.

100 வாட் ஹீட்டர் உள்ள நல்ல பெட்டியில் அது பத்து நிமிடத்துக்கு நான்கு நிமிடம் போல எரியும். விசிறியையும் சேர்த்தால் சராசரியாக 50 வாட் செலவு. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில், பாதி மின்சாரத்தை மட்டும் எடுத்து, இன்வெர்ட்டரின் இழப்பையும் கழித்தால் 12 முதல் 14 மணி நேரம் ஓட்டலாம். பழைய பேட்டரி இந்த அளவு தாங்காது. இந்த இடத்தில் தனிக் கருவிக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. 12 வோல்ட்டிலேயே இயங்கும் கருவியும் விசிறியும் ஹீட்டரும் வாங்கினால் இன்வெர்ட்டரே தேவையில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஓடும். வெளிச்சத்துக்குச் சூரியத் தகடு வைத்திருக்கும் வீடுகளுக்கு இது மிகவும் ஏற்றது.

எதுவும் இல்லாதபோது மின்சாரம் போய்விட்டால் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. மேலே கம்பளி போர்த்தி, வெந்நீர் நிரப்பிய பாட்டில்களை முட்டையில் படாமல் உள்ளே வைக்கலாம். காற்றுத் துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது. கடைசி வாரக் கரு மூச்சுவிடுகிறது. தானே சூடும் தருகிறது.

முட்டை வைக்கும் முன்

எந்த வகைக் கருவியானாலும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரால் சோதித்த பிறகே நம்ப வேண்டும். முட்டைக்கு வேண்டிய வெப்பமும் மனித உடலின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது நம் அதிர்ஷ்டம். அந்த அளவில் காய்ச்சல் தெர்மாமீட்டரைப் போல மலிவாகவும் சரியாகவும் காட்டும் கருவி வேறில்லை. ஒரு பிளாஸ்க்கில் கை பொறுக்கும் வெந்நீர், 38 டிகிரி அளவில், ஊற்றிக் கலக்கி, உலோகக் குப்பி போட்ட சென்சாரையும் தெர்மாமீட்டரையும் ஒன்றாக முக்கிப் பார்க்க வேண்டும். தெர்மாமீட்டர் 37.6 காட்டும்போது கருவி 38.1 காட்டினால், திருத்த அளவில் அரை டிகிரி குறைக்க வேண்டும். சேர்ந்தே வரும் பெட்டியில் சென்சாரைக் கழற்ற முடியாவிட்டால், சிறிய பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பிக் கட்டி, முட்டைத் தட்டில் நான்கு மணி நேரம் வைத்து, அந்தத் தண்ணீரின் வெப்பத்தை அளக்கலாம். முட்டை உணரும் வெப்பத்துக்கு அது மிக நெருக்கமாக இருக்கும்.

பிறகு சென்சாரைக் கையால் வெளியே இழுத்துவிட்டு, இரண்டாவது தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். சென்சார் ஒயரையே பிடுங்கிவிட்டு, கருவி ஹீட்டரை அணைக்கிறதா, எரியவிடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எரியவிடுமானால் அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்தச் சோதனைகளுக்குப் பிறகு, வெறும் பெட்டியை இரவும் பகலும் சேர்த்து இரண்டு நாள் ஓட்டி, காலை, நடுப்பகல், நள்ளிரவு அளவுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐம்பது முட்டைக்குள் வைப்பவர், வீட்டில் மின்வேலை தெரிந்தவர் இல்லாதவர், பக்கத்து ஊரிலேயே பழுது பார்க்கும் விற்பனையாளர் கிடைத்தால் சேர்ந்தே வரும் பெட்டியை வாங்கலாம். நூறுக்கு மேல் போகிறவரும், உப்புக்காற்றுப் பகுதியில் இருப்பவரும், மின்தடை அதிகமுள்ள ஊரில் இருப்பவரும் தனிக் கருவி பொருத்திய, விசிறியுள்ள மரப்பெட்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும். முட்டை திருப்பும் மோட்டாருக்குத் தனி டைமர் போட்டுக்கொண்டால் இரண்டு வகையின் வசதியும் கிடைத்துவிடும். சேர்ந்தே வரும் பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மின்பலகை கெடும் நாளில் ஹீட்டர் ஒயரைப் பிரித்துத் தனிக் கருவியோடு இணைத்து, முட்டையைக் கையால் திருப்பி, மிச்ச நாட்களை ஓட்டிவிடலாம். அதற்காக ஒரு தனிக் கருவியை இப்போதே வாங்கி, அளவுகளைத் திருத்தி, மாடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நாட்டுக்கோழி வளர்ப்பு, குஞ்சு பராமரிப்பு ஆகியவை குறித்து, திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், மாதவரத்தில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தையும், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையும் விவசாயிகள் அணுகிக் கேட்கலாம். போகும்போது, பொரித்த நாள், பொரிக்காத முட்டைகளின் எண்ணிக்கை, உடைத்துப் பார்த்ததில் கரு எந்த நிலையில் செத்திருந்தது என்ற குறிப்பையும், அந்த வெப்ப அளவுத் தாளையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.